அம்பாசிடருக்குக் கதவு பீடிங் வாங்கப் போகிறீர்களா, முதலில் ஓஸ் பைப்பை எடுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு அம்பாசிடர் நிற்கிறது, மார்க் 4, அப்பாரு (தாத்தா) 1984-இல் எடுத்த வண்டி. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வர ஆரம்பித்தால் வண்டிக்கு வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு. ஒரு ஆனி மாதம் தாராபுரத்தில் ஒரம்பரைக் கல்யாணம் என்று எல்லோரும் கிளம்பினோம், உடுமலை போய்ச் சேர்வதற்குள் முன் சீட்டில் இருந்த அத்தையின் பட்டுச்சேலை முழங்கால் பக்கம் நனைந்துவிட்டது. அத்தை கோபப்படவில்லை. “ஏங்கண்ணு, வண்டிக்குள்ள குடை ஏதாச்சும் வெச்சிருக்கறயா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரமே நாலு கதவுக்கும் புது பீடிங், அதாவது கதவிடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை, வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒட்டி முடித்தேன். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே தண்ணீர். போதாக்குறைக்கு, புது ரப்பர் தடிமனாக இருந்ததால் பின் கதவு இரண்டும் சாத்த மாட்டேன் என்றன, தம்பி ஓங்கி அறைந்து சாத்தியதில் ஒரு கண்ணாடி சேனலை விட்டு இறங்கிக் கதவுக்குள் போய்விட்டது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து செய்தேன். அந்த இரண்டாவது தடவை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அம்பாசிடரை வைத்துச் சொல்கிறேன், ஆனால் பத்மினி, ஹெரால்டு மாதிரி மற்ற பழைய கார்களுக்கும் வேலை ஏறக்குறைய இதுதான்.

முதல் வேலை, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பார்ப்பது. தண்ணீர் சொட்டுகிற இடமும் நுழைகிற இடமும் ஒன்றாக இருக்காது, இதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. முன் கண்ணாடியின் கீழ் மூலையில் நுழைந்த தண்ணீர் கண்ணாடி ஓரத் தூணான பில்லருக்குள் இறங்கி, தரையில் விரித்த மேட்டுக்கு அடியிலேயே ஓடி, பின் சீட்டுக்காரர் காலடியில் தேங்கும். மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் பின் கதவு பீடிங்கைக் குறை சொல்லிக் கொண்டிருப்போம்.

மேட், அதற்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் எல்லாவற்றையும் எடுத்து வெளியே காயப் போடுங்கள். வெறும் தகரம் தெரிய வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு உட்காரட்டும், இன்னொருவர் வெளியே இருந்து ஓஸ் பைப்பில் தண்ணீர் விடட்டும். பம்பு செட்டில் இருந்து நேராக அடிக்காதீர்கள், அந்த வேகத்துக்கு எந்த ரப்பரும் நிற்காது. வாய்க்காலில் வழிகிற மாதிரி மெதுவாக, கீழிருந்து மேலாக விட வேண்டும். முதலில் கதவின் அடிப்பாகம், ஐந்து நிமிடம் கழித்துப் பூட்டுப் பக்கம், அப்புறம் கண்ணாடியின் அடி விளிம்பு, கடைசியாகக் கூரை ஓரம். மேலே இருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. முன் கண்ணாடிக்குத் தனியாகப் பத்து நிமிடம் கொடுங்கள். போனட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று வரும் மூடி இருக்கிற வண்டி என்றால் அதன் ரப்பரையும் மறக்காதீர்கள்.

தண்ணீர் இல்லாமலும் பார்க்கலாம். நோட்டுப் புத்தகத்தில் இருந்து ஒரு தாளை நீளமாகக் கிழித்து, கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்துக் கொண்டு வந்தால் ரப்பர் வேலை செய்கிறது, வழுக்கிக் கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. இதையே கதவைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு ஒரு தடவை செய்யுங்கள். ரப்பர் முழுக்க முகப் பவுடரைத் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தால், எதிரே உள்ள பெயின்டில் பவுடர் ஒட்டாத இடம் எது என்று பளிச்சென்று தெரியும். எங்கள் வீட்டில் பவுடர் தீர்ந்துவிட்டது, விபூதியைத் தடவினேன், நன்றாகவே காட்டியது.

அப்புறம் ஒரு விஷயம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது தப்பே இல்லை. கண்ணாடியை வெளிப்பக்கம் ஒட்டி நிற்கும் ரப்பர் முக்கால்வாசித் தண்ணீரைத் தள்ளிவிடும், மீதி கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போக வேண்டும். அப்படித்தான் அந்தக் கதவைச் செய்திருக்கிறார்கள். அந்த ஓட்டைகள் மண்ணும் மஞ்சும் (தேங்காய் நார்த்தூள்) அடைத்துக் கிடந்தால் கதவு ஒரு தொட்டி ஆகிவிடும். தென்னை நார் மில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நார் மஞ்சு ஈரத்தைப் பிடித்துக் கொண்டு களிமண் மாதிரி உட்கார்ந்துவிடும், அதற்கு மேலே தகரம் அழுகும். ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள். என் வண்டியில் ஒரே கதவில் இருந்து ஒரு கைப்பிடி மஞ்சும் இரண்டு பழைய பத்துப் பைசாவும் வந்தன.

கதவின் உள்அட்டையைக் கழற்றினால் அதற்குப் பின்னால் ஒரு பாலிதீன் தாள் இருக்க வேண்டும், அட்டை நனையாமல் இருக்கவும் தண்ணீர் ஓட்டைப் பக்கம் திரும்பவும் அதுதான் காவல். பாதி வண்டிகளில் எந்த மெக்கானிக்கோ கிழித்துப் போட்டிருப்பார். உரச் சாக்குக்கு உள்ளே வரும் தடிமனான தாளை அளவாக வெட்டி ஒட்டுங்கள், அடி விளிம்பு கதவுக்குள் போகும்படி மடித்துவிடுங்கள்.

இனி வாங்குவதைப் பற்றி. அம்பாசிடர்காரர்கள் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் என்ற இங்கிலாந்துக் காரை வைத்து மேற்கு வங்கத்து உத்தரபாராவில் செய்ய ஆரம்பித்த அந்தக் கூடு, 2014-இல் உற்பத்தி நிற்கிற வரைக்கும் பெரிதாக மாறவில்லை, அதனால் ரப்பர் இன்னும் கிடைக்கிறது. பத்மினிக்குக் கொஞ்சம் அலைய வேண்டும், மெட்ராஸில் செய்த ஹெரால்டுக்கு நிறையவே அலைய வேண்டும். ஆனால் கடையில் போய் “அம்பாசிடர் டோர் பீடிங்” என்று மட்டும் கேட்காதீர்கள், நான் கேட்டு வாங்கி வந்ததுதான் அந்தத் தடிமனான ரப்பர். பழைய பீடிங்கில் நசுங்காத இடமாகப் பார்த்து இரண்டு இன்ச் வெட்டி எடுத்துப் போங்கள். கதவின் மேல் மூலையிலோ கீல் பக்கம் அடியிலோ கொஞ்சம் உயிரோடு இருக்கும். அதன் வெட்டு முகத்தைப் புது ரப்பரின் வெட்டு முகத்தோடு வைத்து ஒப்பிடுங்கள்: உயரம், அடிப்பட்டையின் அகலம், நடுவில் ஓட்டை இருக்கிறதா, உதடு (நீட்டி நிற்கும் மெல்லிய விளிம்பு) எந்தப் பக்கம் சாய்கிறது.

பழையது பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தால் வேறு வழி இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை, இல்லையென்றால் சப்பாத்தி மாவைச் சின்ன உருண்டையாக்கி, பாலிதீனில் சுற்றிக் கதவுச் சட்டத்தில் நாலைந்து இடத்தில் ஒட்டி, கதவைப் பூட்டு விழும்படி சாத்தித் திறங்கள். நசுங்கி நிற்கும் தடிமன்தான் இடைவெளி. புது ரப்பர் அதைவிடக் கொஞ்சம் உயரமாக, மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும் என்கிற கணக்கில் இருக்கட்டும். இரண்டு மடங்கு உயரம் வாங்கினால் கதவு சாத்தாது, சாத்தினாலும் பூட்டும் கீலும் கஷ்டப்படும்.

ரப்பரிலும் வகை இருக்கிறது. கதவுக்கு ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குவது வேண்டும், முன் கண்ணாடிக்குக் கெட்டி ரப்பர் வேண்டும். முடிந்தால் ஈபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், வெயிலையும் காற்றில் உள்ள ஓசோனையும் அது தாங்கும். சாதா ரப்பர் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். கடையிலேயே ஒரு முனையை இரண்டாக மடித்துக் கசக்கிப் பாருங்கள், மடிப்பில் வெள்ளைக் கோடோ வெடிப்போ தெரிந்தால் அது வருஷக்கணக்கில் அட்டத்தில் கிடந்த சரக்கு. அதனால்தான் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கண்ணாடி, கைப்பிடி, பூட்டு எல்லாம் தேடுவேன், ரப்பர் மட்டும் அங்கே வாங்க மாட்டேன். கம்பெனி காலத்து சரக்கு, பிரிக்காத பாக்கெட் என்று ஆசை காட்டினாலும் ரப்பருக்கு வயசு வயசுதான்.

நீளத்தை நூல் வைத்துக் கதவைச் சுற்றி அளந்து, ஒவ்வொன்றுக்கும் அரை அடி கூட்டி வாங்குங்கள். வாங்கி வந்ததும் சுருளைப் பிரித்து வாசலில் ஒரு பகல் வெயிலில் போட்டு வையுங்கள், சுருண்ட ஞாபகம் போகட்டும்.

பழைய பீடிங்கைப் பிய்ப்பதில் பெரிய வித்தை இல்லை. ஸ்குரூ டிரைவரை வைத்து நோண்டினால் பெயின்ட் போகும், மூங்கில் பத்தையைச் சீவி உளி மாதிரி செய்து கொள்ளுங்கள். முடி உலர்த்தும் டிரையரைக் காட்டினால் பழைய பசை இளகும். எந்த வண்டியானாலும் பழையது எங்கே இருந்தது, கதவிலா கதவுச் சட்டத்திலா, உதடு எந்தப் பக்கம் பார்த்தது, எங்கே முடிந்தது என்று பிய்க்கும் முன் போனில் நாலு போட்டோ எடுத்துவிடுங்கள், பிய்த்த பிறகு ஞாபகம் வராது.

பிய்த்ததும் தெரியும் காட்சிக்குத் தயாராக இருங்கள். பீடிங் ஒட்டியிருந்த பள்ளத்தில் துரு இல்லாத பழைய வண்டியை நான் பார்த்ததில்லை. மேலே பட்டி வைத்து மூடிவிட்டு ரப்பர் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு மழைக்காலம் தாங்கும். கம்பி பிரஷ்ஷும் உப்புத் தாளும் போட்டு வெள்ளைத் தகரம் தெரிகிற வரை தேயுங்கள், துருவை மாற்றும் திரவத்தைத் தடவிக் காயவிட்டு, பிரைமர் அடித்து, மேலே பெயின்டும் ஒரு கை அடியுங்கள். ஓட்டையே விழுந்திருந்தால் அது டிங்கர் வேலை, அவர் வெல்டிங் வைத்துத் தரட்டும், ரப்பரால் தகரத்துக்கு ஈடு கட்ட முடியாது. பெயின்ட் ஒரு முழு நாள் காய வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால் பசையில் இருக்கும் கரைப்பான் புதுப் பெயின்டைக் குமிழியாக்கி, ரப்பரோடு சேர்த்து உரித்துக் கொண்டு வரும்.

பழைய பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுக்கலாம், ஆனால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற வரை புதுப் பசை பிடிக்காது. அதனால் சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். தின்னரை வழிய ஊற்றினால் பெயின்டும் சேர்ந்து வரும், ஜாக்கிரதை.

ஒட்டுவதற்கு முன் கதவைப் பாருங்கள். பாதி திறந்து வைத்துக் கைப்பிடிப் பக்கம் பிடித்துத் தூக்கினால் கடகடவென்று ஆடுகிறதா? கீல் பின் தேய்ந்திருக்கிறது. இத்தனை வருஷமாக ஆட்கள் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஓட்டுநர் கதவு தொங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தொங்கின கதவுக்கு எவ்வளவு நல்ல பீடிங் போட்டாலும் மேலே இடைவெளி, கீழே உரசல். கீலையும் பூட்டு விழும் கொண்டியையும் சரி செய்துவிட்டுத்தான் பசை டப்பாவைத் திறக்க வேண்டும்.

பசைக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசை போதும், குஷன் கடைக்காரர்கள் பயன்படுத்துவதுதான். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் வழுக்கிக் கொண்டே இருக்கும். ஒரே தடவையில் கதவு முழுக்கத் தடவாமல் ஒன்றரை அடி, இரண்டு அடியாகச் செய்யுங்கள். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் வெட்டவெளியில் இந்த வேலை வேண்டாம், பசை காய்வதற்குள் பாதித் தோட்டம் அதில் ஒட்டியிருக்கும்.

கதவின் அடிப்பக்க நடுவில் ஆரம்பித்து ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே முடியுங்கள், இணைப்பு கீழே இருந்தால் ஒழுகினாலும் வெளியே ஒழுகும். ரப்பரை இழுத்து ஒட்டாதீர்கள், இதை இரண்டு தடவை படியுங்கள். இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், மூன்று மாதத்தில் சுருங்கி, மூலையில் விலகி, இணைப்பில் விரல் நுழையும் இடைவெளி விடும். மூலை வரும்போது உள்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, நெருக்கிக் கொடுத்து ஒட்டுங்கள். கடைசியில் அரை விரல்கடை நீளமாகவே வெட்டி, புது பிளேடால் நேர்க்கோடாக வெட்டின இரண்டு முனையையும் முட்டவைத்து ஒரு துளி ஃபெவிகுவிக். மூலை எப்படித் திரும்ப வேண்டும் என்று சந்தேகம் இருந்தால், கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நான் போனபோது வண்டிகளைப் பார்த்ததைவிடக் கதவிடுக்கை எட்டிப் பார்த்ததுதான் அதிகம்.

புது பீடிங் போட்ட கதவு முதல் வாரம் கனமாகத்தான் சாத்தும். ராத்திரி முழுக்கச் சாத்தியே வையுங்கள், பத்து நாளில் ரப்பர் படிந்து கொடுக்கும். பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் “கதவு சாத்த மாட்டேங்குது” என்று ஓங்கி அறைவார்கள்.

கண்ணாடி ஓடுகிற சேனலில் இருக்கும் ஃபெல்ட் வேறு சமாச்சாரம். அது தேய்ந்தால் தண்ணீரைவிடச் சத்தம்தான் முதலில் வரும், மண் ரோட்டில் கண்ணாடி கலகலக்கும். உள்அட்டையையும் ஏற்றும் கைப்பிடியையும் கழற்றி, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பழைய சேனலைக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். புதியதை மேல் மூலையில் வளைக்கும்போது அடிமுதுகில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டால் மடங்காமல் திரும்பும். கண்ணாடி இறுக்கமாக ஓடினால் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். நம் ஊரில் கிரீச்சென்றால் உடனே தேங்காய் எண்ணெய் விடுவோம், இங்கே விட்டால் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து சந்தனம் மாதிரி குழைந்து, ஃபெல்ட் உப்புத் தாள் ஆகிக் கண்ணாடியில் கோடு போடும்.

இனி முன் கண்ணாடி. அத்தை சேலையை நனைத்த குற்றவாளி அதுதான், இடது கீழ் மூலை. தனியாகச் செய்யாதீர்கள், மூன்று பேர் வேண்டும், ஒருவராவது பொறுமைசாலியாக இருக்க வேண்டும். உங்கள் கண்ணாடி எந்த ரகம் என்று மூலையில் உள்ள முத்திரையைப் படித்துக் கொள்ளுங்கள். லேமினேட்டட் என்றால் அழுத்தம் தாங்காமல் ஒரு மூலையில் இருந்து விரிசல் ஓடும், டஃபண்ட் என்றால் விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டாலே மொத்தமும் கல்கண்டாக உதிரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், விளிம்பில் இரும்பு படக் கூடாது, மூலையில் குத்தக் கூடாது.

பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காமல் உள்பக்க உதட்டை பிளேடால் அறுத்துவிட்டால் கண்ணாடி சுலபமாக வரும். ரப்பரின் மேல் பளபளப்பான குரோம் பீடிங் (உலோகப் பட்டை) இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. தகர விளிம்பைச் சுற்றித் துரு வேலை மறுபடியும், இங்கே இன்னும் கவனமாக.

புது ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றிப் போடுங்கள், இணைப்பு இருந்தால் கீழ் நடுவில் வரட்டும். அதன் வெளிச்சுற்றில் இன்னொரு பள்ளம் இருக்கும், அதுதான் வண்டித் தகரத்தைக் கவ்வும் பள்ளம். அதற்குள் 4 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் விட்டு, இரண்டு முனையும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒரு அடி ஏறி, உள்பக்கம் தொங்கும்படி செய்யுங்கள். பொள்ளாச்சிக்காரன் என்ற பெருமையில் நான் தேங்காய் நார்க் கயிற்றை விட்டுப் பார்த்தேன், சுனை ரப்பரைச் சீண்டிப் பாதியில் சிக்கிக் கொண்டது, செய்யாதீர்கள். பள்ளத்திலும் தகரத்திலும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, கண்ணாடியை வெளியே இருந்து இடத்தில் வைத்து, இருவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, மூன்றாமவர் உள்ளே இருந்து கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். கயிறு வெளியே வர வர ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே விழும், ‘பொத்’, ‘பொத்’ என்று ஒவ்வொரு விரல்கடையாக. வெளியே இருப்பவர்கள் எந்த இடத்தில் கயிறு வருகிறதோ அந்த இடத்தை அழுத்த வேண்டும், கயிற்றுக்காரர் அவசரப்படக் கூடாது. அடிப்பக்கம் முடிந்து மூலை திரும்பும்போது ஒரு நிமிடம் நிறுத்தி எல்லாப் பக்கமும் கண்ணாடி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அப்போதே தட்டி நகர்த்த வேண்டும்.

ரப்பர் உட்கார்ந்த பிறகும் தகரத்துக்கும் உதட்டுக்கும் நடுவில் காய்ந்து இறுகாத கறுப்பு சீலண்ட் ஒரு கோடு போடுவது நல்லது. பாத்ரூமுக்குப் போடும், புளித்த காடி வாசம் வரும் சிலிக்கானை வேண்டவே வேண்டாம். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், பெயின்ட் போன இடத்தில் பட்டால் அங்கேயே துரு ஆரம்பிக்கும். ஒழுகாமல் இருக்கப் போட்ட மருந்தே தகரத்தைத் தின்னும்.

ஒரு நாள் கழித்து மறுபடியும் அதே ஓஸ் பைப், அதே வரிசை, உள்ளே டார்ச்சோடு ஒருவர். காய்ந்தால்தான் மேட்டைப் போட வேண்டும். ஃபெல்ட் பழையது கெட்டியாகி நாற்றம் அடித்தால் தூக்கி எறியுங்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகரத்தைக் கெடுப்பது அதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஈரத் துணியால் பீடிங்கைத் துடைத்து, கொஞ்சம் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். பெட்ரோல், டீசல், கிரீஸ் எதுவும் படக் கூடாது, ரப்பர் ஊதி வழவழத்துப் போகும். மிச்சமான அரை அடித் துண்டுகளைப் பேப்பரில் சுற்றி, எந்தக் கதவுக்கு என்று எழுதி டிக்கியில் போட்டு வையுங்கள், அடுத்த தடவை கடைக்கு எடுத்துப் போக நசுங்காத துண்டு தயாராக இருக்கும்.

என் வண்டியில் இப்போது பாக்கி இருப்பது முன் கதவில் திரும்பித் திறக்கும் அந்த முக்கோணக் கண்ணாடி மட்டும்தான். அதன் ரப்பர் வளைவு வளைவாக வார்த்தது, அடிக்கணக்கில் வாங்கி ஒட்ட முடியாது, வலது பக்கத்துக்கு இடது பக்கம் சேராது. அதற்கு ஜோடி கிடைக்கிற வரை சாரல் நாளில் இடுக்கில் ஒரு துண்டுத் துணியைச் செருகி வைக்கிறேன். அத்தை ஏறினால் முதலில் அந்தத் துணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.